புற்றின் சாயலில் வரும் கட்டிகள்

*பச்சிளங் குழந்தைகளின் உடலில் விரைந்து வளரும் சில கட்டிகள் புற்றுநோய்க்குரிய அடையாளங்களை எல்லாம் காட்டிவிட்டு, பெருந்தீங்கு எதுவும் செய்யாமல் அடங்கிவிடுகின்றன. அவற்றைப் புற்றென்றே எண்ணிய மருத்துவத்துக்குக் குழந்தைகள் கொடுத்த விலை பெரிது. திருவாலங்காடு போன்ற எல்லையோர ஊரில் அந்த விலை எந்தக் கட்டத்தில் கூடுகிறது, எந்தக் கட்டத்தில் குறைகிறது என்பதை ஆராய்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.*

ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பது பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கின் தடிப்பில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமான இரு சாயங்களில் தோய்த்தெடுத்த திசுத் துண்டு ஒன்று நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படுகிறது. இளஞ்சிவப்பு நார்ப்பட்டைகள் திசைக்கொன்றாக ஓடுகின்றன. அவற்றுக்கிடையே கொழுப்புச் செல்கள் வெண்குமிழிகளாக நிற்கின்றன. ஆங்காங்கே முதிராத சிறு செல்கள் நெருங்கிக் கூடி, கருநீலச் சுழிகளாகத் தெரிகின்றன. திசுவுக்குத் தெளிவான எல்லை இல்லை; பக்கத்துக் கொழுப்புக்குள் அது புகுந்திருக்கிறது. சார்கோமா எனப்படும் மென்திசுப் புற்றிலும் இவையெல்லாம் காணப்படுபவையே. தகட்டோடு வந்த விண்ணப்பச் சீட்டில் குழந்தையின் வயது பத்து மாதம் என்றும், கட்டி எடுக்கப்பட்ட இடம் அக்குள் என்றும் எழுதப்பட்டிருந்தால், குழந்தைகளின் திசுக்களைப் பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவர் அதை மழலைப் பருவ நார் ஹமார்ட்டோமா என்று அடையாளம் கண்டு, தீங்கற்றது என அறிக்கை எழுதிவிடுவார். சீட்டில் அந்த இரண்டு விவரங்களும் இல்லாமல், தகட்டைப் பார்ப்பவரும் பெரியவர்களின் கட்டிகளையே பார்த்துப் பழகியவராக இருந்தால், அதே திசு ஒரு குழந்தையைக் கீமோதெரபி பிரிவின் வாசல்வரை கொண்டு சென்றுவிடக்கூடும்.

ஹமார்ட்டோமா என்பது, உடலின் ஓரிடத்தில் இயல்பாக இருக்க வேண்டிய திசுக்களே அளவும் ஒழுங்கும் தவறிக் குவிவதால் உண்டாகும் கட்டி. நாரும் கொழுப்பும் முதிராச் செல்களும் கலந்த இந்த வகையை 1956-இல் முதன்முதலாக விவரித்தவர் சிட்னி குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் ரால்ஃப் டக்ளஸ் கென்னத் ரே. பின்னாளில் 'ரே நோய்த்தொகுதி' என்று பெயர் பெற்ற வேறொரு நோயை விவரித்தவரும் இவரே. இன்று வழங்கும் பெயரை 1965-இல் வாஷிங்டனின் ஃப்ரான்ஸ் என்சிங்கர் இட்டார். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் மிகுதியாக, அக்குள், மேற்கை, தோள், இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் தோலுக்கடியில் வரும் இக்கட்டி, அறுத்தெடுத்த பின் சிலருக்கு அதே இடத்தில் மீண்டும் வந்தாலும் வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை. இதன் செல்களில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் குறிப்பிட்டதொரு மாற்றம் இருப்பது 2016-இல் கண்டறியப்பட்ட பிறகு, ஐயத்துக்கிடமான தகடுகளில் மரபணுச் சோதனையும் துணைக்கு வந்திருக்கிறது.

முதல் சான்று வயது

பெரியவர்களின் கட்டிகளைப் பார்க்கும்போது மருத்துவர் கைக்கொள்ளும் அளவுகோல்கள் சில உண்டு: வேகமாக வளர்கிறதா, செல்கள் மிகுதியாகப் பிளந்து பெருகுகின்றனவா, கட்டியைச் சுற்றி உறை இருக்கிறதா என்பவை அவற்றுள் முதன்மையானவை. பிறந்த எடையை ஐந்தே மாதங்களில் இரட்டிப்பாக்கும் பச்சிளங் குழந்தையின் உடலில் எல்லாத் திசுக்களுமே விரைந்து பெருகிக்கொண்டிருப்பதால், இந்த அளவுகோல்கள் அங்கே பாதி பொருளை இழந்துவிடுகின்றன. குழந்தைக் கட்டிகளில் வயது வெறும் விவரம் அன்று. அதுவே முதல் சான்று.

எடுத்துக்காட்டாக, லிப்போபிளாஸ்டோமா என்ற கட்டியைக் கூறலாம். 1926-இல் பெயரிடப்பட்ட இது முதிராத கொழுப்புச் செல்களால் ஆனது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கை, கால், முதுகு ஆகிய இடங்களில் வளர்ந்து, நுண்ணோக்கியில் கொழுப்புப் புற்றின் ஒரு வகையை அப்படியே ஒத்திருக்கும். அந்தக் கொழுப்புப் புற்றோ பத்து வயதுக்குட்பட்டோரிடம் மிக மிக அரிது. இரண்டு வயதுக் குழந்தையின் தொடையிலிருந்து எடுத்த திசுவில் 'கொழுப்புப் புற்று' என்று அறிக்கை வந்தால், அந்த அறிக்கையை நம்பும் முன் ஒரு முறை ஐயப்படுவதே அறிவுடைமை.

1955-இல் விவரிக்கப்பட்ட முடிச்சு ஃபேஷியைட்டிஸ் இதனினும் வியப்புக்குரியது. தசையைப் போர்த்தியிருக்கும் உறையில் சில வாரங்களில் விரைந்து வளர்ந்து, செல்பிளவுகள் நிறைந்து, 'போலிச் சார்கோமா' என்றே தொடக்கத்தில் அழைக்கப்பட்ட இக்கட்டி பல நேரங்களில் தானாகவே சுருங்கி மறைந்துவிடுகிறது. அது புண் ஆறும் முயற்சியில் உண்டாகும் வெறும் வீக்கம் என்று அரை நூற்றாண்டுக் காலம் கருதப்பட்டது; யு.எஸ்.பி.6 என்ற மரபணு இடம் பெயர்ந்து ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் உண்மையான கட்டியே அது என்பதை 2011-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் காட்டினர். மரபணுப் பிறழ்வு இருந்தும் சில மாதங்களில் தானே ஓய்ந்துபோகும் கட்டி ஒன்று உண்டென்றால், பிறழ்வு இருந்தாலே புற்று என்ற பொதுப்புத்திக் கணக்கு குழந்தைகளிடம் செல்லாது என்பது தெளிவு. இதன் உடன்பிறப்பான மண்டையோட்டு வகை, பச்சிளங் குழந்தைகளின் தலையெலும்பின் மேலோட்டை அரித்துவிடுவதால், ஸ்கேன் படத்தைப் பார்ப்பவர்களை இன்னும் கடுமையாக அச்சுறுத்துகிறது.

அச்சம் தரும் உருவம் வேறு, தீங்கு வேறு என்பது, பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரைப் போற்றி வழிபடும் திருவாலங்காட்டு மக்களுக்குப் புதிதன்று. ஆனால் மருத்துவத்தில் இந்த வேறுபாட்டைப் பக்தியால் அறிய இயலாது. தகடு, வயது, இடம், காலம் ஆகிய நான்கையும் சேர்த்து வைத்தே அறிய வேண்டும்.

பெட்டிச் செய்தி: அரிய கட்டிகளைத் தேடும் முன்

• பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் கழுத்தின் ஒரு பக்கத்தில் கெட்டியாகத் தோன்றி, தலையை ஒருபுறம் சாய்க்க வைக்கும் கட்டி, பெரும்பாலும் கழுத்துத் தசையின் நார்த்தடிப்பே. ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ நான்கில் காணப்படும் இது, கழுத்தை முறையாக நீட்டித் திருப்பும் பயிற்சியாலேயே சில மாதங்களில் பெரும்பாலோருக்குக் கரைந்துவிடும்.

• இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி இடது மேற்கையில் போடப்படுவதால், அடுத்த சில மாதங்களில் இடது அக்குளில் நெறி கட்டுவது அரிதாக நிகழும். சீழ் கோக்காத நெறி தானே அடங்கும்.

• குருதிக்குழாய்ப் பெருக்கமான ஹெமாஞ்சியோமா நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருவது. பிறக்கும்போது தெரியாமலோ மங்கலாகவோ இருந்து, முதல் மூன்று மாதங்களில் வேகமாக வளர்ந்து, பிறகு சில ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும்.

பெயர் தவறியபோது நேர்ந்தவை

1950-ஆம் ஆண்டு வாஷிங்டனில் இருந்த படைத்துறை நோய்க்குறியியல் நிறுவனத்தில் ஹெலனார் காம்ப்பெல் வைல்டர் என்ற ஆய்வாளர், அகற்றப்பட்டுப் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த 46 கண்களை மீண்டும் ஆராய்ந்தார். விழித்திரைப் புற்று என்று ஐயுற்று அகற்றப்பட்டு, பின்னர்ப் புற்று இல்லை என்று தெரிந்த குழந்தைகளின் கண்கள் அவற்றுள் பெரும்பகுதி. ஒவ்வொரு கண்ணையும் தொடர் தகடுகளாகச் சீவிப் பார்த்தபோது, 24 கண்களில் நூற்புழுவின் இளம்புழுக்களோ அவற்றின் எச்சங்களோ தென்பட்டன. பின்னாளில் அவை நாய்க்குட்டிகளின் குடலில் வாழும் டாக்சோகாரா என்ற புழுவைச் சேர்ந்தவை என்று அறியப்பட்டது. மண்ணில் விளையாடிய கையின் வழியே உடலுக்குள் புகுந்த புழு கண்ணுக்குள் தங்கி, அங்கே உண்டாக்கிய வெண்மையான வீக்கமே புற்றாகத் தோன்றியிருந்தது. விழித்திரையின் குருதிக்குழாய்கள் கசிந்து உண்டாகும் கோட்ஸ் நோயும் இதே போல ஏமாற்றவல்லது. உயிரைக் காக்கக் கண்ணை எடுப்பது என்ற நியாயமான முடிவே, தவறான பெயரின் மேல் எடுக்கப்பட்டபோது, ஈடுசெய்ய இயலாத இழப்பாயிற்று.

கண் இழப்பு உடனே கண்ணுக்குத் தெரிந்த விளைவு. வேறு சில விளைவுகள் வெளிப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. சுவீடனில் 1920 முதல் 1959 வரை, தோலில் ஹெமாஞ்சியோமா வந்த ஆயிரக்கணக்கான மழலைகளுக்கு ரேடியமும் எக்ஸ்-கதிரும் கொண்டு சிகிச்சை அளிக்கப்பட்டது. தானே சுருங்கிவிடக்கூடிய கட்டி அது என்பது அக்காலத்து மருத்துவர்களுக்கு முற்றிலும் தெரியாததன்று; ஆயினும் கையில் ஒரு புதிய கருவி இருக்கும்போது காத்திருப்பது எந்தக் காலத்து மருத்துவருக்கும் எளிதாக இருந்ததில்லை. அக்குழந்தைகள் வளர்ந்த பிறகு அவர்களிடையே தைராய்டுப் புற்றும் மார்பகப் புற்றும் எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமான சேதத்தைப் பதிவு செய்தது. 1930-க்கும் 1959-க்கும் இடையில், பதினெட்டு மாதம் நிறையும் முன் இச்சிகிச்சை பெற்ற 3,094 ஆண்களை ஆராய்ந்ததில், மூளைக்குக் கதிர்வீச்சு எட்டாதவர்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் மேல்நிலைக் கல்விக்குச் சென்றிருக்க, 250 மில்லிகிரேக்கு மேல் எட்டியவர்களில் அது ஏறத்தாழ 17 விழுக்காடாகவே இருந்தது. தோலில் இருந்த ஒரு சிவப்புக் கட்டிக்கு அளித்த மருத்துவம், அந்தக் குழந்தை பதினேழு வயதில் எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தது என்பதில் போய்த் தைத்தது. இன்று அதே கட்டி பெருந்தொல்லை தரும்போது, இதயநோய்க்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ப்ரோப்ரனலால் என்ற மருந்து தரப்படுகிறது. இதன் பயனைப் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டு 2008-இல் அறிவித்தனர்.

சிறுநீரகத்திலும் இதே கதை உண்டு. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றான வில்ம்ஸ் கட்டி பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில் வருவது. பிறந்த சில வாரங்களிலேயே சிறுநீரகத்தில் தெரியும் கட்டி வேறு இனம் என்பதை 1967-இல் ராபர்ட் போலண்டேயும் உடன் பணியாற்றியோரும் நிறுவி, மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா என்று பெயரிட்டனர். அதற்கு முன் இரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டதால், அறுவை ஒன்றே போதுமானதாக இருந்த பச்சிளங் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சும் கடும் மருந்துகளும் தரப்பட்டன. சில கிலோ எடையே உள்ள உடலுக்கு, கட்டியைவிட அந்தச் சிகிச்சையே பெரிய ஆபத்து. இக்கட்டியிலும் செல் நெருக்கம் மிகுந்த ஒரு வகை மீண்டும் வரக்கூடியது என்பதால், அறுவைக்குப் பிறகான முதல் ஆண்டில் ஸ்கேன் பார்த்துவருவது வழக்கம்.

இவற்றுள் மிகப் பெரிய பாடத்தைக் கற்றது ஜப்பான். நரம்புத் திசுவிலிருந்து எழும் நியூரோபிளாஸ்டோமா உண்மையிலேயே புற்றுநோய்தான். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதன் சில வடிவங்கள், கல்லீரலுக்கும் தோலுக்கும் பரவிய நிலையிலும்கூட, தாமாகவே கரைந்துவிடுகின்றன. இக்கட்டி வெளியிடும் வேதிப்பொருள்கள் சிறுநீரில் தெரியும் என்பதால், ஆறு மாதக் குழந்தைகள் அனைவரின் சிறுநீரையும் சோதிக்கும் திட்டத்தை ஜப்பான் 1980-களின் நடுவில் நாடு முழுவதும் நடத்தத் தொடங்கியது. கண்டுபிடிக்கப்பட்ட கட்டிகளின் எண்ணிக்கை ஏறியது; குணமானோர் விகிதமும் ஏறியதாகத் தோன்றியது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் 2002-இல் வெளிவந்து, இச்சோதனையால் இறப்பு குறையவில்லை என்பதைக் காட்டின. சோதனை பிடித்தவற்றுள் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே கரைந்துபோயிருக்கக்கூடிய கட்டிகள். கொல்லும் வகைக் கட்டிகளோ சோதனைக்குப் பின் தோன்றின. தேவையற்ற அறுவைக்கும் மருந்துக்கும் குழந்தைகள் ஆளானதை உணர்ந்த ஜப்பான் 2004-இல் திட்டத்தை நிறுத்தியது. நல்ல நோக்கத்துடன் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்றைச் சான்று மாறியதும் நிறுத்துவது எந்த நாட்டிலும் அன்றாடம் நடப்பதன்று. ஜப்பானைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெட்டிச் செய்தி: தடித்த எழுத்தில் வரும் ஓர் எண்

கல்லீரல் புற்றுக்கு ஏ.எஃப்.பி. எனப்படும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் அளவு பார்க்கப்படுகிறது. பெரியவர்களுக்கு இது மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் குறைவு. நலமாகப் பிறந்த குழந்தைக்கோ பிறந்த அன்று பல்லாயிரக்கணக்கில், சராசரியாக 48,000 அளவில் இருந்து, எட்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் மெல்லக் குறைந்து பெரியவர்களின் அளவை எட்டும். பரிசோதனைக்கூடத்தின் அறிக்கைத்தாளில் பெரியவர்களுக்கான வரம்பே அச்சாகியிருந்தால், இரண்டு மாதக் குழந்தையின் இயல்பான அளவும் 'மிக அதிகம்' என்று தடித்த எழுத்தில் வரும். கல்லீரலில் ஹெமாஞ்சியோமாவோ நீர்ப்பைகள் நிறைந்த ஹமார்ட்டோமாவோ இருக்கும் குழந்தையிடம் இந்த எண்ணும் சேர்ந்துகொண்டால், புற்று என்ற முடிவுக்கு வருவது மிக எளிது.

மணவூருக்கும் மோசூருக்கும் இடையில்

திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த திருவாலங்காடு, நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை அமைந்த தலம். சென்னை–அரக்கோணம் ரயில் தடத்தில் மணவூருக்கும் மோசூருக்கும் இடைப்பட்ட நிலையம். கரும்பும் நெல்லும் விளையும் வட்டாரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கும் ஊர். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்த பிறகும், தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குவது இங்கே இயல்பு. மருத்துவ நோக்கில் இவ்வூருக்கு மூன்று திசைகள் உண்டு. கிழக்கே மின்சார ரயிலில் போனால் திருவள்ளூர், அதைக் கடந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும். மேற்கே அரக்கோணத்தில் வண்டி மாறினால் வேலூர் சி.எம்.சி.; அதே அரக்கோணத்திலிருந்து பிரியும் ரேணிகுண்டா தடத்தில் சென்றால் திருப்பதி. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது.

இத்தனை நிறுவனங்கள் எட்டும் தொலைவில் இருப்பது பெரும் பேறு. அதுவே சிக்கலுக்கும் இடமாகிறது. குழந்தையின் தோளில் கட்டி என்றால், முதல் ஸ்கேன் ஓர் ஊரிலும், ஊசியால் செல்லை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை மற்றோர் ஊரிலும், அறுவை மூன்றாவது ஊரிலும் நடப்பது அரிதன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு உண்மை மட்டும் பதிவாகிறது. கழுத்துத் தசைத் தடிப்பிலிருந்து ஊசியால் எடுத்த செல்களில் நீண்ட நார்ச்செல்களும் பல கருக்கள் கொண்ட தசைச் செல்களும் இருக்கும். மூன்று வாரக் குழந்தை, தலை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது என்ற இரண்டு செய்திகள் தெரியாத ஒருவருக்கு அவை சார்கோமாவை நினைவூட்டும். தகட்டை வாசிப்பவரிடம் குழந்தையின் கதை போய்ச் சேராமல் போவதே இத்துறையில் தவறுகளுக்கு மிகப் பெரிய வாயில்.

இதைவிட எளிய, இதைவிட வருந்தத்தக்க கோளாறு ஒன்றும் உண்டு. சிறு அறுவைக்கூடங்களில் 'கொழுப்புக் கட்டிதான்' என்று கருதி அகற்றப்படும் கட்டி எந்தச் சோதனைக்கும் போகாமல் குப்பைக்குப் போய்விடுவது. அல்லது, பத்து விழுக்காடு ஃபார்மலின் கரைசலில் போட வேண்டிய திசு உப்பு நீரில் போடப்பட்டு, பரிசோதனைக்கூடத்தை அடையும் முன் அழுகிவிடுவது. அவ்வாறு ஆன பிறகு, ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் கட்டி எழுந்தால், முன்பு எடுத்தது என்ன என்ற வினாவுக்கு உலகின் எந்த நிபுணராலும் விடை சொல்ல இயலாது. குழந்தையின் உடலிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட எந்தக் கட்டியும், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், திசுப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும் என்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

முறையாகப் பதப்படுத்திய திசு, மெழுகில் புதைக்கப்பட்டு 'பிளாக்' என்று மருத்துவமனைகளில் வழங்கும் சிறு கட்டியாகிறது. அதிலிருந்து சீவும் தகடுகள் 'ஸ்லைடு'. மெழுகுக் கட்டி பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். குறிப்பிட்ட புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி. சோதனையும் மரபணுச் சோதனையும் அதிலிருந்தே செய்யலாம். ஆகவே இரண்டாவது கருத்து வேண்டும்போது குழந்தையை மீண்டும் அறுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் குழந்தை பயணம் செய்யவே வேண்டியதில்லை. பெற்றோர் கேட்டுப் பெறும் பிளாக்கும் ஸ்லைடும் ஸ்கேன் படங்களும் வேலூருக்கோ அடையாறுக்கோ போனால் போதும். கூலி வேலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாத வீடுகளுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. ஆயினும் 'பிளாக்கைத் தாருங்கள்' என்று கேட்கலாம் என்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. கேட்டால் மருத்துவர் மனம் கோணுவார் என்ற தயக்கமும் உண்டு. குழந்தைகளின் அரிய கட்டிகளில் இரண்டாவது கண் பார்ப்பது உலகெங்கும் வழக்கமான நடைமுறை என்பதால், அந்தத் தயக்கத்துக்குக் காரணமில்லை.

எதிர்த்திசைத் தவறு

தீங்கற்ற கட்டிகளைப் பற்றி எழுதுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. குழந்தைகளின் கட்டி எல்லாம் தானே போய்விடும் என்று ஒருவர் எண்ணிவிட்டால், அந்த எண்ணம் ஓர் உயிரைப் பறிக்கக்கூடும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கு லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வசதி மிக்க நாடுகளில் அவர்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமடைய, ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது விழுக்காட்டினர்கூட மீள்வதில்லை. நோய் பிந்திக் கண்டறியப்படுவது அதற்கான தலையாய காரணங்களுள் ஒன்று.

தசைப் புற்றைச் சீழ்க்கட்டி என்று கீறிவிடுவதும், கழுத்து நெறியைக் காசநோய் என்று அனுமானித்து, திசுவைச் சோதிக்காமலே மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும், எலும்புப் புற்றை அடிபட்ட வீக்கம் என்று எண்ணி உருவிவிடுவதும் இந்தியாவில் எங்கும் கேட்கக்கூடியவை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர் பெற்ற புத்தூர், திருத்தணிக்கு வடக்கே எல்லைக்கு அப்பால் அண்மையில் இருப்பதால், கைகால் வீக்கம் என்றாலே அங்கே போகும் பழக்கம் இவ்வட்டாரத்தில் ஊறியது. விழுந்த அடி ஏதுமின்றி எலும்பின் மேல் வளரும் வீக்கத்துக்கு, யாரிடம் போனாலும், எக்ஸ்ரே முதலில் எடுக்கப்பட வேண்டும். அதுவே எலும்பில் சீழ் வைக்கும் நோயையும் எலும்புப் புற்றையும் பிரித்தறியும் முதற்படி. படத்தில் அவை இரண்டும் ஒன்றைப் போல மற்றொன்று தோன்றுவதும் உண்டு என்பதால், அதற்கடுத்த படி மீண்டும் திசுப் பரிசோதனையே.

'தீங்கற்றது' என்ற சொல்லும் முழு அடைக்கலம் தருவதன்று. தாடைப் பகுதியில் ஹெமாஞ்சியோமா பரவியிருக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழலிலும் அது இருக்கக்கூடும்; இமைமேல் இருந்தால் பார்வை வளர்ச்சி தடைப்படும். மழலைப் பருவ மயோஃபைப்ரோமட்டோசிஸ் என்ற கட்டி ஒற்றையாகத் தோலில் வந்தால் பெரும்பாலும் தானே கரையும். நுரையீரலிலும் குடலிலும் பலவாக வந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல்தாடையில் நீலக்கறுப்பாக எழுந்து, முளைக்காத பல்லைத் தள்ளிக்கொண்டு சில வாரங்களில் முகத்தையே கோணலாக்கும் மெலனின் நிறைந்த நரம்புத்தோல் கட்டியை 1918-இல் முதலில் விவரித்தவர் அதைப் பிறவிப் புற்றென்றே கருதினார். இன்று அது பெரும்பாலும் தீங்கற்றதாகவே அறியப்படுகிறது. ஆனாலும் சிறு விழுக்காட்டினரிடம் அது பரவவும் செய்கிறது. எவரிடம் பரவும் என்பதை முதல் தகட்டைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது.

பெட்டிச் செய்தி: காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

• கண்ணின் கருமணியில், குறிப்பாகக் கைப்பேசிப் படங்களில், வெண்ணொளி தெரிதல். புதிதாக வந்த மாறுகண்.

• வயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி. இதை அடிக்கடி அழுத்திப் பார்க்கக் கூடாது.

• கட்டியுடன் தொடர் காய்ச்சல், எடைக் குறைவு, வெளிறல், தோலில் காரணமற்ற இரத்தக் கன்றல்கள்.

• தசைக்கு அடியில் ஆழமாக, அசையாமல், வாரந்தோறும் பெரிதாகும் கட்டி.

• அடிபடாமலே நொண்டுதல், இரவில் எழுப்பும் எலும்பு வலி.

காத்திருத்தலும் ஒரு சிகிச்சை

அரிய தீங்கற்ற கட்டிகள் பலவற்றுக்கு மருத்துவர் எழுதும் முடிவு, 'மூன்று மாதம் கழித்து வரவும்' என்பதே. மருந்துச் சீட்டு இல்லாமல் திரும்பும் பெற்றோருக்கு அது கைவிட்டதாகத் தோன்றுகிறது. அந்த வெற்றிடத்தில் பச்சிலைப் பற்றும், சூடு போடுதலும், வேறொரு மருத்துவமனையில் அவசர அறுவையும் நுழைகின்றன. காத்திருப்பதற்கும் வரையறைகள் உண்டு: இன்ன நாளில் அளவெடுக்க வேண்டும், இன்ன அளவுக்கு மேல் வளர்ந்தால் ஊசிச் சோதனை, இன்ன மாதத்துக்குள் சுருங்கத் தொடங்காவிட்டால் அறுவை. இவற்றைத் தேதியோடு எழுதி, தமிழிலோ தெலுங்கிலோ விளக்கிக் கையில் கொடுத்தால், அந்தச் சீட்டே மருந்தின் இடத்தைப் பெறும்.

அறுவைக்குப் பிறகும் கண்காணிப்பு நீள்கிறது. லிப்போபிளாஸ்டோமா முழுதாக எடுபடாவிட்டால் மீண்டும் வரக்கூடும் என்பதால் சில ஆண்டுகள் பார்த்துவர வேண்டும். செங்கல் சூளைகளுக்கும் கரும்பு வெட்டுக்கும் பருவந்தோறும் இடம் பெயரும் குடும்பங்கள் மிகுந்த மாவட்டத்தில், அடுத்த பரிசோதனை நாள் வரும்போது குழந்தை எந்த ஊரில் இருக்கும் என்பது மருத்துவமனைக்குத் தெரிவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தக்க அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள், ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கே வந்து ஒவ்வொரு குழந்தையையும் தலைமுதல் கால்வரை பார்க்க வேண்டியவை. பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவற்றின் பணி. கட்டியுள்ள குழந்தையை அளந்து பதிவு செய்யவும், வரத் தவறிய குழந்தையைத் தேடிப் பிடிக்கவும் இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. தேசிய அளவில் முதலில் வகுக்கப்பட்ட முப்பது குறைபாடுகளின் பட்டியலில் பிளந்த உதடும் சொத்தைப் பல்லும் இடம்பெற்றிருக்கின்றன. கட்டி என்று ஒரு தனி இனம் அதில் சேர்க்கப்படவில்லை.